உருளைக்கிழங்கு வாரம்

எங்கள் கேப்டன் ஸ்டெய்னுனுக்குக் கோபம் வந்தால்
கப்பலில் உருளைக்கிழங்கு தீர்ந்துபோகும்.

படி இறங்கி வருவாள். ஒன்றும் பேசமாட்டாள்.
என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து தோல் சீவுவாள்.
மூன்று கிழங்கு என்றால் வானிலை அறிக்கை.
பத்து என்றால் முதலாளியின் தொலைபேசி.
ஒருமுறை மூட்டையே காலி.
அந்த வாரம் காலையும் மாலையும் கிழங்குதான்,
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் போலந்துக்காரன், வ்யேஸ்வாவ்.
பெயர் வாயில் நுழையாமல் இந்த ஐஸ்லாந்துக்காரர்கள்
வெஸ்லி ஆக்கிவிட்டார்கள்.
ஆறு கப்பல்களில் சமைத்திருக்கிறேன்.
தட்டை எறிகிறவனுக்குச் சமைத்தேன்.
சிரித்தபடியே கணக்கில் கைவைக்கிறவனுக்கும் சமைத்தேன்;
அவன் எடைச்சீட்டில் காட் மீன் வேறு பெயரில் கரையேறும்.
எங்களுக்கு நல்லவன்தான்,
கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பன்றித்தொடை.

இவளிடம் ஒரு மீனும் பெயர் மாறாது.
ஒதுக்கீடு முடிந்த அன்று
கீழே கடல் மீனாய்க் கொதிக்க, வீடு திரும்பினோம்.
கடன் இருந்தவர்கள் முணுமுணுத்தோம்.
நானும்தான்.

பிப்ரவரி. மேற்கு முனையைத் தாண்டி இரண்டாம் இரவு.
நாலாயிரம் முள் கோத்த கயிறு அறுந்தது.
தளத்தில் நின்றவன் கெடில், வயது பத்தொன்பது.
கயிறு கப்பலின் அடிவயிற்றுக்குள் போனால்
கத்திச் சொல்வது அவன் வேலை.

அன்று அவள் கீழே இறங்கி வரவில்லை.
ஒலிபெருக்கியைத் திறந்தாள்.
இயந்திர அறை, கழிப்பறை,
என் சூப்புப் பானை வரைக்கும் கேட்டது.
அவன் அப்பன் பெயரைச் சொல்லி,
அவன் கண் எங்கே இருக்கிறது என்று சொல்லி.
கெடில் ஒரு கையுறையைக் கழற்றினான்,
திரும்ப மாட்டிக்கொண்டான்.

மூன்று மணிக்கு வந்தாள்.
கத்தியை நீட்டினேன். வாங்கவில்லை.
"கருவியில் பார்த்தேன். கப்பலைப் பின்னுக்கு எடுத்தது நான்.
அவன் கத்தியிருந்தாலும் அறுந்திருக்கும்."
"யாருக்குத் தெரியும்?" என்றேன்,
ஆறுதலாகத்தான்.
கெட்ட மீனைத் தட்டில் வைத்தவனைப் போல
என்னைப் பார்த்தாள்.
"எனக்கு."

மேலே போனாள். ஒலிபெருக்கி கரகரத்தது.
தூங்குகிறவனை எழுப்பிச் சொல்கிற விஷயமா?
ஆனால் திட்டியது எல்லார் காதும் கேட்க.
மன்னிப்பை மட்டும் மூலைக்குக் கூப்பிட்டு முணுமுணுப்பதா?
நாலே வரி.
களைப்பு என்றில்லை, அலை என்றில்லை,
எந்த வரியும் 'இருந்தாலும்' என்று திரும்பவில்லை.
தவறு என்னுடையது.
கெடிலைத் திட்டியதும் தவறு.
கயிற்றின் விலை என் பங்கில் போகும்.
பதிவேட்டில் எழுதிவிட்டேன், மையில்.

கெடில் மனம் இளகினான் என்று முடிக்க எனக்கும் ஆசை.
கரை சேர்ந்ததும் பையைத் தோளில் போட்டு
வேறு கப்பலுக்குப் போய்விட்டான்.
கை குலுக்கவில்லை.
சுக்கான் அறைக் கண்ணாடிக்குப் பின்னால்
அவள் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.
அன்றைக்கு எட்டுக் கிழங்கு.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று.
ஒலிபெருக்கிக்கு ஐந்து நிமிடம் முன்னால்
காபி கொண்டுபோன என்னிடம் கேட்டாள்,
தளத்தில் யார் என்று.
"கெடில். அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்."
அவன் எதைப் பார்த்தான் என்று
நான் பார்க்கவே இல்லை.
சும்மா, வாய்க்கு வந்தது.
அவளுடைய நாலு வரியில்
என் பெயர் வரவில்லை.

புதுக் கயிறு ஏற்றியாகிவிட்டது. நாளை கிளம்புகிறோம்.
என் அடுப்புக்கு மேலேயும் ஒரு பொத்தான் இருக்கிறது,
சாப்பாடு தயார் என்று அறிவிக்க.
மூட்டை பாதி காலி.
இன்னொரு கிழங்கை எடுக்கிறேன்.